கப்பல்காரர்களுக்காகக் கட்டிய தாலி

அவள் பெயரை எழுதமாட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து அந்தப் பெயரை ஏற்கனவே சந்திக்கு இழுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பதையாவது நான் விட்டுவைக்கிறேன். எழுபதுகளின் கடைசியில் இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் இருந்தவர்கள் இதைப் படித்தால் யாரென்று தெரிந்துகொள்வார்கள். தெரிந்துகொண்டு கொஞ்சம் வெட்கப்படட்டும்.

அவளுக்குப் பாசாங்கு வராது. அவ்வளவுதான் அவளைப் பற்றிய சேதி. நல்லவள், பொறுமைசாலி, அடக்கமானவள் என்றெல்லாம் சொல்ல முடியாது. பொறுமை சுத்தமாகக் கிடையாது. ஆனால் பேருக்கு ஒன்றைச் செய்வது என்பது அவள் உடம்பிலேயே இல்லை.

சின்ன வயதில் நாங்கள் இருவரும் லயத்துக்குப் பின்னால் சோறாக்கி விளையாடுவோம். நான் சிரட்டையில் மண்ணைப் போட்டு, தேயிலைக் கொழுந்தைக் கீரை என்று வைத்து, வாயருகே கொண்டுபோய் 'ம்ம்' என்று மெல்லுவேன். அவள் சிரட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

"மண்ண எப்படிடீ திங்கிறது?" என்பாள்.

"திங்கிற மாதிரி செய்யணும்டி."

"மாதிரின்னா?"

பிறகு எழுந்து தன் வீட்டு ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போய் அப்பனுக்கு எடுத்து வைத்திருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டு வருவாள். அதைத்தான் இருவரும் தின்போம். அவள் அப்பன் சாயங்காலம் வந்து மீதிப் பாதியைத் தின்றுவிட்டு படுத்துக்கொள்வார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறி இடது பாதத்தில் இறங்கியதிலிருந்து அவர் நொண்டிதான். அவள் அம்மா அவளுடைய எட்டாவது வயதில் போய்விட்டாள். அந்த ஒரு காம்பராவில் அப்பனும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

பெரிய கங்காணி வீட்டம்மா செத்தபோது தோட்டத்துப் பெண்கள் எல்லாம் போனோம். ரோட்டு வளைவு வரைக்கும் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தவர்கள், வளைவு தாண்டியதும் ஒரே குரலில் 'என்னப் பெத்த மகராசி' என்று மாரடித்துக்கொண்டு ஓடினார்கள். என் அம்மாதான் முதலில். இவள் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். அம்மா திரும்பிவரும் வழியில் அவள் தோளில் கிள்ளினாள்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டா என்னா கொறஞ்சா போயிருவ?"

"வந்தா விட மாட்டனா பெரியம்மா? அந்தம்மா எங்கள நாயே பேயேன்னுதான் கூப்புடும். எனக்கு வரல."

அடுத்த மாதம் பக்கத்துக் காம்பராக்காரர்களின் ஆட்டுக்குட்டி தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து செத்தது. அதற்கு இரண்டு நாள் அழுதாள். சோறு இறங்கவில்லை. "கங்காணி பொண்டாட்டிய விட ஆடு பெருசாப் போச்சு இவளுக்கு" என்று லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது எங்களுக்குச் சிரிப்பு நன்றாக வந்தது.

மலைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் இதே கதைதான். கணக்கப்பிள்ளை ஏதாவது அசிங்கமாக நக்கலடித்தால் நாங்கள் எல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்போம். சிரிக்காவிட்டால் மறுநாள் ஏற முடியாத மேட்டில் கொழுந்து எடுக்க நிரை கிடைக்கும். அவள் மட்டும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு கொழுந்து எடுப்பாள். அதனால் வருடம் முழுக்க மேட்டு நிரைதான் அவளுக்கு. "சிரிச்சுட்டுப் போயேன்டி" என்று நான் சொல்லாத நாளில்லை. "அவரு பேசுனதுல எங்கடி சிரிப்பு இருந்துச்சு, காட்டு" என்பாள். இவளோடு என்ன பேசுவது?

இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் கப்பல்காரர்கள் முன்னால் கல்யாணப் பெண்ணாக உட்காரவைத்தார்கள். வைத்தோம்.

கொழும்புத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் வரும். அதில் வரும் வெள்ளைக்காரர்களை ஒரு நாள் நுவரெலியாவில் தங்கவைத்து, மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏற்றி எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவர ஒரு ஏற்பாடு நடந்தது. கொழும்பில் யாரோ பேசி, தோட்டத்தை நடத்தும் துரை தலையாட்டி, ஆபீசிலிருந்த பெரிய கிளாக்கர் பொறுப்பெடுத்துக்கொண்டார். ரோட்டோரத்தில் ஒரு பலகையும் வைத்தார்கள். பாரம்பரிய கிராம வாழ்க்கை என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததாம். கிராமமாம். எங்களுக்கு ஏது கிராமம்? ஒரே கூரைக்குக் கீழ் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம், பன்னிரண்டு குடும்பத்துக்கும் மலையிலிருந்து குழாயில் விழும் ஒரு பீலித் தண்ணீர். இந்த லயத்தைக் கட்டிப்போட்டவன் வெள்ளைக்காரன். அவன் கட்டின கொட்டடியையே அவனுக்கு, இதோ எங்கள் பாரம்பரியம் என்று காட்டினார்கள்.

முதலில் பொங்கல், கோலம், கும்மி என்று ஆரம்பித்தது. மாசியிலும் பொங்கல், பங்குனியிலும் பொங்கல். அது போகட்டும். இரண்டு தடவைக்குப் பிறகு, கல்யாணம் ஒன்று காட்டினால் நன்றாயிருக்கும் என்று கொழும்பிலிருந்து சேதி வந்தது. பெரிய கிளாக்கர் தலைவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்தார். தலைவர் என்றால் எங்கள் தோட்டத்தில் சங்கத்துக்குத் தலைவர். எங்களுக்காகப் பேசவேண்டிய மனுஷன்.

"ச்சும்மா ஒரு வெளையாட்டுத்தான். மாப்புள மாதிரி ஒருத்தன், பொண்ணு மாதிரி ஒருத்தி. மஞ்சக் கயிறு ஒன்னக் கட்டிட்டு, பஸ் போன பொறகு அவுத்துப் போட்டுறலாம்," என்றார் கிளாக்கர். "தங்கமா கட்டப் போறோம்? தங்கம் இல்லாம தாலி ஏது?"

அவர் டவுன்காரர். எங்களில் பாதிப் பேருக்குத் தங்கமே கிடையாது, மஞ்சள் துண்டைக் கோத்த கயிறுதான் கழுத்தில் கிடந்து சாகும்வரைக்கும் தாலி என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எங்களுக்குத் தெரியுமே. கேட்டுக்கொண்டு நின்ற அத்தனை பெண்களின் கழுத்திலும் கிடந்தது அதுதானே. ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அடுத்ததாகத் தலைவர் சொன்னது இது:

"இந்த சீசன் நல்லபடியா ஓடுனா, நம்ம லயத்துக்கு முழுசா புதுத் தகரம் போட்டுத் தர்றேன்னு தொர சொல்லியிருக்காரு."

எங்கள் கூரையில் வானம் தெரியும். மழை நாளில் சட்டி, வாளி, போணி எல்லாம் தரையில் இருக்கும். சோறாக்கச் சட்டி இருக்காது. என் தங்கை தொட்டிலில் நனைந்து நனைந்தே இழுப்பு வாங்கினாள். ஆகவே அந்தத் தகரத்தை நான் ஒன்றும் கேவலமாகப் பேசவில்லை. அதற்கு என்ன விலை சொன்னார்கள், யாருடையதை எடுத்துக் கொடுத்தோம் என்றுதான் கேட்கிறேன்.

பெண்ணாக உட்கார முதலில் பேர் விழுந்தது எனக்கு. நான் கொஞ்சம் சிவப்பு என்பதால் கிளாக்கர் என்னைக் கை காட்டினார். அம்மா மறுக்கவில்லை. மறுத்தால் தகரத்துக்கு எதிரி என்று லயமே சாடும். எனக்கு அப்போது அட்டன் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்து வெற்றிலை மாற்றியிருந்தார்கள். விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பி, காதுக்குள் சொன்னாள்:

"காச்சலுன்னு கம்பளியப் போத்திக்கிட்டுப் படு. தாலிய வச்சு வெளையாடக் கூடாதுடி. நாளைக்கு அந்த வீட்டுல கேட்டா நான் என்னா பதிலு சொல்றது?"

ஆக, அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே, நான் படுத்தவுடன் வெளியே போய்க் கிளாக்கரிடம், "என் மகளுக்கு நெருப்பா கொதிக்குதுங்க ஐயா, அந்தத் தாயில்லாப் புள்ளயக் கூப்புடுங்களேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். என் அம்மாவை நான் அடக்கம் செய்து பல வருடங்கள் ஆகின்றன. இந்த ஒன்றை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. காய்ச்சல் என்று படு என்று காதில் சொல்ல அவளுக்கு ஒரு அம்மா இல்லை. வித்தியாசம் அது ஒன்றுதான்.

எனக்கென்று கொடுத்து, ஆணியில் தொங்கிய கூறைச்சேலையை எடுத்துப்போக அவள் எங்கள் காம்பராவுக்கு வந்தாள். நான் கம்பளிக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். குனிந்து என் நெற்றியில் கை வைத்தாள். பீலியில் குளித்துவிட்டு வந்த கை, சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு சேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாரியம்மன் கோயில் முற்றத்தில் குத்துவிளக்கேற்றி, மேளம் வைத்து, தேயிலை ஆலையான ஸ்டோரில் தூள் சலிக்கும் ஒருத்தனை மாப்பிள்ளையாக உட்காரவைத்துக் கட்டினார்கள். கெட்டிமேளம் கொட்டினபோது அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியதாம். கங்காணி பெண்டாட்டிக்கு வராத கண்ணீர். விளக்கும் நிஜம், அம்மனும் நிஜம், கயிறும் நிஜம் என்றால் அவளுக்கு வேறெப்படி இருக்கும்? வெள்ளைக்காரிகள் சிலர் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெரிய கிளாக்கருக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தப் புள்ளதான் இனி எல்லாத் தடவையும்," என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

பஸ் போனது. அவள் கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரு அவுக்கிறது?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. புருஷன் செத்தால்தான் எங்களில் தாலி இறங்கும். அதை இறக்கவும் ஒரு முறையிருக்கிறது, அதற்கென்று வயதான தாலியறுத்தவர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்தன்றைக்கே மணையில் வைத்து யார் அவிழ்ப்பது? சுமங்கலிகள் ஒதுங்கினார்கள். தாலியறுத்தவர்களும் கை வைக்க மாட்டேன் என்றார்கள். கடைசியில் அவளே பீலிக்குப் போய், தண்ணீருக்குக் கீழ் தலையைக் கொடுத்து, தானே அவிழ்த்தாள். எங்கே போடுவது என்று தெரியவில்லை. பால்மா டின் ஒன்றுக்குள் போட்டு மூடிவைத்தாள்.

நான்கு கப்பல்கள், நான்கு கயிறுகள். இரண்டு தடவை ஸ்டோர்க்காரன், அவன் வராத இரண்டு தடவை தலைவரின் தம்பி. ஒவ்வொரு தடவையும் அவள் குளித்து, விரதமிருந்து, அம்மனைக் கும்பிட்டுத்தான் மணையில் உட்கார்ந்தாள். "என்னாத்துக்குடி வெறும் வயித்துல கெடக்குற, இது கூத்துத்தானே" என்று நான் ஒருநாள் கேட்டேன். "வெளக்குக்குத் தெரியுமாடி இது கூத்துன்னு?" என்று திருப்பிக் கேட்டாள்.

நான்காவது கப்பல் போன மறு வாரம், எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து அவள் அப்பனின் தங்கச்சி வந்தாள். அந்த அத்தையின் மகனுக்குத்தான் இவளைக் கொடுப்பதாகச் சின்ன வயதிலேயே பேச்சு. அவனும் நல்ல பையன், இவள் மேட்டு நிரையில் தவிக்கும்போது யாருக்கும் தெரியாமல் வந்து கூடையைச் சுமந்து கொடுப்பான். அத்தைக்காரி தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வாசலிலேயே நின்று சொன்னாள்:

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நாலு தடவ கயிறு ஏறி எறங்குன கழுத்துல என் புள்ள அஞ்சாவதாக் கட்டுறதா? எங்க லயத்துல சிரிக்கிறாங்க. ஒங்க லயத்து ஆளுங்க யாராச்சும் வந்து, அது தாலியில்லன்னு நாலு பேருக்கு முன்னால சொன்னா நான் கட்டி வைக்கிறேன்."

நியாயமான பேச்சு. அவள் அப்பன் நொண்டிக்கொண்டே தலைவரிடம் போனார். தலைவர், "சீசன் முடியட்டும் பார்ப்போம்" என்றார். காம்பரா காம்பராவாகப் போனார். ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொன்னார்கள். விளக்குக்கு முன்னால் கட்டினதை இல்லை என்று எப்படிச் சத்தியம் பண்ணுவது, பாவமல்லவா என்றார்கள் சிலர். அது தாலி என்று தெரிந்திருந்தால் கட்டவிடாமல் தடுத்திருக்க வேண்டும். தாலி இல்லை என்றால் வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று. எங்கள் ஆட்கள் இரண்டுக்கும் நடுவில் தகரத்தை எண்ணிக்கொண்டு நின்றார்கள். தலைவர் தம்பி கட்டினானே, அவனாவது வாயைத் திறந்தானா? அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருந்தது.

ஐந்தாவது கப்பலுக்கு இவள் வரமாட்டாள் என்று கிளாக்கர் பயந்துகொண்டிருந்தார். ஆனால் தானாகவே வந்தாள். கையில் தகரப் பெட்டி ஒன்று. பெட்டிக்குள் அவள் சேலை துணிமணி எல்லாம் இருந்தது. "பொண்ணுப் பெட்டியும் கொண்டாந்துட்டியா? கெட்டிக்காரிதான்" என்று கிளாக்கர் பல்லைக் காட்டினார். அன்றைக்கு நானும் கோயிலடியில் நின்றேன். எனக்குக் காய்ச்சல் விட்டுப் பல வாரமாயிற்றே.

கூட்டத்தில் ஒரு கிழட்டு வெள்ளைக்காரன். சிவந்த முகம், பருத்த உடம்பு. மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரவா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். கிளாக்கர், "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று ஸ்டோர்க்காரனை எழுப்பி, வெள்ளைக்காரன் தலையில் ஒரு துண்டையும் கட்டிவிட்டார். முதல் முடிச்சை அவன் போட்டான். அடுத்த இரண்டு முடிச்சையும் மாப்பிள்ளையின் சகோதரி போடவேண்டும் அல்லவா? கிளாக்கர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவன் பெண்டாட்டியையே கூப்பிட்டார். அந்த அம்மா சிரித்துச் சிரித்து, விரல் வராமல், தன் புருஷன் கட்டின தாலிக்குத் தானே முடிச்சுப் போட்டாள். நான்கைந்து கமராக்கள் படம் எடுத்தன. அவள் தலையைக் குனிந்தபடி இருந்தாள். அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

எல்லாரும் பொங்கல் தின்று முடித்துப் பஸ்ஸுக்குப் போனார்கள். அவள் எழுந்தாள். அம்மனைக் கும்பிட்டாள். அப்பன் காலைத் தொட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்ப் பஸ்ஸில் ஏறி, அந்தக் கிழவனுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். இதுவும் ஆட்டத்தில் ஒன்று என்று நினைத்தார்கள்.

கிளாக்கர் ஓடினார். "இந்தா புள்ள, என்னா இது? எறங்கு, பஸ் போகணும்."

"எங்கங்க எறங்குறது? தாலி கட்டுனவரு எங்க போறாரோ அங்கதானே போகணும்?"

"அது ச்சும்மா கட்டுனதுடி."

"அப்படியா?" என்றாள். ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி எங்கள் எல்லாரையும் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "அப்ப அத அம்மன் வெளக்குல அடிச்சு யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. அஞ்சும் பொய்யின்னு சொல்லுங்க. எங்க அத்த வீட்டுல வந்து சொல்றோம்னு சொல்லுங்க. இப்பவே எறங்குறேன். தாலின்னா நான் போகணும். இல்லன்னா இல்லன்னு சொல்லணும். எது?"

தலைவர் லயத்துக் கூரையைப் பார்த்தார். தலைவரின் தம்பி இருந்த இடம் தெரியவில்லை. என் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பஸ்ஸிலிருந்தவளின் கண் ஒவ்வொரு முகமாக வந்து என்னிடம் நின்றது. மற்றவர்களிடம் நின்றதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றது. நான் காலைப் பார்த்தேன்.

டிரைவர் ஒரு சிங்களத்து மனுஷன். அவருக்குக் கொஞ்சம் தமிழ் புரியும். அவர் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, கிளாக்கரிடம் சிங்களத்தில் சொன்னார். எங்களுக்கும் அவ்வளவு சிங்களம் தெரியும். "இந்தத் தங்கச்சி கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நான் வண்டி எடுக்கிறேன்" என்றார். பஸ்ஸின் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். நாள் முழுக்க ஒரு மனுஷன் பேச்சுப் பேசினான் என்றால் அது அவர்தான். எங்கள் பாஷை, எங்கள் சாமி, எங்கள் தாலி. கேட்க வந்தது யாரோ.

வெள்ளைக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். துரையின் ஜீப் சத்தம் கேட்டது. அப்போது அவள் அப்பன் நொண்டிக்கொண்டு பஸ் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்.

"எறங்கு தாயி. நம்மளுக்குன்னு சொல்ல இங்க யாருமில்ல."

அதை அவர் மனதறிந்து சொன்னார். அதனால் இறங்கினாள். டிரைவர் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். பஸ் திரும்பும்போது உள்ளே இன்னொரு தடவை கைதட்டல் கேட்டது.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்குக் கப்பல்காரர்கள் வரவில்லை. அவளைத் தோட்டத்தில் 'கப்பல் பொண்டாட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். புதுத் தகரம் வந்தது. லயத்துக்கு முன்பக்கம் மட்டும், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கம் மட்டும். பின்பக்கம் பழையதுதான். அதற்கும் நாங்கள் தேங்காய் உடைத்தோம். அவள் காம்பராவுக்கு மேலே ஏறியவர்களை அவள் விடவில்லை. "எங்களுக்கு வேணாம்" என்றாள். பன்னிரண்டு காம்பராவில் பதினொன்று பளபளவென்று மின்ன, நடுவில் ஒன்று மட்டும் துருப்பிடித்து இருந்தது. ரோட்டில் போகிற எவனும் முதலில் அதைத்தான் பார்ப்பான். மழைக்கு அவளும் அப்பனும் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை மகனுக்கு வேறு தோட்டத்தில் பெண் எடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், நான் போனேன், சாப்பிட்டேன். எழுதிவைக்கிறேன், இதையும் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

அவளோடு பேச்சு நிற்கவில்லை. 'தண்ணி வருதா', 'உப்பு இருக்கா' என்கிற அளவில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி அட்டன் பக்கம் போய்விட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்கும் அப்பனுக்கும் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அப்போது வாரத்துக்கு ஒரு குடும்பமாவது தலைமன்னாருக்கு ரயிலேறிக்கொண்டிருந்த காலம். அங்கிருந்து கப்பல். காசு கொடுத்து ஊர் பார்க்க வந்தவர்களுக்கும் கப்பல், பிறந்த மண்ணைவிட்டு அனுப்பப்பட்டவர்களுக்கும் கப்பல்.

தலவாக்கலை ஸ்டேசனுக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி. போகிறவர்களும் அழுதார்கள், வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் அந்தப் பழைய தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்து அப்பனுக்குப் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். மடியில் ஐந்து கயிறும் கிடந்த அந்தப் பால்மா டின்.

"இதையுமா கொண்டு போற?" என்று கேட்டேன்.

"கடல்ல போடணும். வேற எங்கயும் போட எடம் தெரியல."

என் பிள்ளையை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். பிள்ளை அவள் வெறுங்கழுத்தைப் பிடித்து இழுத்தது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இத்தனை வருடமாக மறைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதானே வந்திருந்தேன்.

"நான் ஒனக்கு ஒன்னு சொல்லணும்டி. மொத நாளு எனக்கு..."

"காச்சல் இல்ல," என்றாள். "தெரியும். நெத்தியத் தொட்டுப் பாத்தேனே. என் கைய விடச் சில்லுன்னு இருந்துச்சு."

"தெரிஞ்சுமா போன?"

"ஒனக்கு வெத்தல மாத்தியிருந்துச்சு. எழுப்பி விட்டுட்டு நான் போய்ப் படுத்துக்குறதா? ஒங்கம்மா சொல்லிக் குடுத்துச்சு, நீ படுத்த. அது ஒன்னுமில்ல."

ரயில் வந்து நின்றது. அவள் பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். அப்பனைப் பிடித்து ஏற்றினாள், பெட்டியை ஏற்றினாள், தானும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி வெளியே தலையை நீட்டினாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. தெரியாததைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"பஸ்சுக்குக் கீழ நின்னியே, அன்னைக்கு ஒனக்கு என்னாடி செஞ்சுச்சு?"

ரயில் நகர்ந்தது. பதிலுக்காக அவள் காதைச் சாய்த்தபடியே போனாள். வளைவு திரும்பும்வரை தலையை உள்ளே எடுக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நான் நன்றாகத்தான் இருந்தேன்.